மூன்றாவது ரீலைக் கடைசியில் ஓட்டியவர்

கரீம் பாயைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் ஒரு விறகுக்காரனில் இருந்துதான் தொடங்குவேன். அந்த விறகுக்காரன் சீனாக்காரன். அவன் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. படத்தின் பெயரும் தெரியாது. போஸ்டரில் சீன எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தனவாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஊரே அதை விறகுக்காரன் படம் என்றது, அதுவே பெயராகிவிட்டது.

சித்தேரி மலையில் இருந்து இறங்கி வரும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் அந்தப் படம் எங்கள் கொட்டாய்க்கு வந்தது. கொட்டாய் என்றால் கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு. படப்பெட்டி சேலத்தில் ரயிலேறி பொம்மிடியில் இறங்கும். அங்கிருந்து பஸ் கூரையில் எங்கள் ஊருக்கு வரும். கரீம் பாய்தான் மிஷின் ஓட்டும் ஆபரேட்டர். நான் பெண்கள் பக்க வாசலில் டிக்கெட் கிழிப்பவள். ஆட்டத்துக்கு முன் மணலில் தண்ணீர் தெளிப்பதும், ஆட்டம் விட்டதும் பெருக்குவதும் என் வேலைதான். அவருக்கு அப்போது இருபத்தாறு வயசு, எனக்கு முப்பத்திரண்டு. அன்றில் இருந்து இன்றுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். பேரப்பிள்ளை எடுத்த மனிதரை அவன் இவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் அவர் என்றே சொல்கிறேன்.

அவர் தருமபுரிக்காரர். அவருடைய அத்தா குடையும் பூட்டும் சரி செய்தவர். பூட்டுக்குள் பார்க்க வேண்டிய பையன் சினிமா மிஷினுக்குள் பார்க்கப் போய்விட்டான் என்று சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் மிஷின் கரீம் பாய் கையில் பசு மாதிரி நிற்கும். சத்தத்தை வைத்தே, இன்னும் கொஞ்ச நேரத்தில் பிலிம் அறுந்துவிடும் என்று சொல்லிவிடுவார். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவர் மகள் சமரீன். அதனால் அவரைக் கூட்டியும் குறைத்தும் சொல்ல எனக்கு வழியில்லை. பேனா நின்றுவிடும்.

எங்கள் கொட்டாயில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார். ஜனங்கள் அதற்குள் ஒரு பீடி பிடித்துவிடுவார்கள். விறகுக்காரன் படத்தில் கீழே எழுத்து ஓடியது. படித்தவர்களுக்கும் அது படிப்பதற்குள் ஓடிவிட்டது. அந்தப் படத்துக்கு மட்டும் ஊரில் எல்லாரும் எழுத்துத் தெரியாத என்னைப் போலத்தான்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. மலையில் இருந்து விறகு கொண்டுவந்து விற்கும் ஒருத்தன். வழியில் ஒரு மரப்பாலம். பாலத்தைப் பிடித்துவைத்திருக்கும் பண்ணையாரின் ஆட்கள், தாண்டுகிறவர்களிடம் எல்லாம் பிடுங்குகிறார்கள். ஒரு நாள் அவன் பாலத்தில் நின்றுவிடுகிறான். அவ்வளவுதான். ஆனால் அவன் சண்டைக்குப் போகிற விதம் இருக்கிறதே, அதை நான் வேறு எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. அவசரமே படமாட்டான். தோளில் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் விறகுக்கட்டு. முதலில் சுமையை இறக்குவான். தோளில் போட்ட துணியை உதறுவான், மடிப்பான், கட்டின்மேல் வைப்பான். பிறகுதான் கம்பைக் கையில் எடுப்பான். எதிரே பத்துப் பேர் அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் துணியை மடிக்கிற இடத்தில் எங்கள் கொட்டாயே மூச்சு விடாது.

முதல் நாள் மழை. கூட்டம் கம்மி. கடைசி ரீல் ஓடும்போது நான் வெளியே பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் திரை இரண்டு முழத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. யாரோ கல் எறிந்திருக்கிறான். விறகுக்காரன் பாலத்தில் விழுந்த நேரத்தில் எறிந்தானாம். மிஷினில் பிலிம் மாட்டிக் கருகி, ஆட்டம் அதோடு நின்றுவிட்டது. முதலாளி கல் எறிந்தவனைத் தேடு தேடென்று தேடினார். கிடைத்தால் தோலை உரித்து அந்தக் கிழிசலில் தைப்பேன் என்றார். மறுநாள் வெயிலில் உட்கார்ந்து நான்தான் வெள்ளை நூலில் தைத்தேன். அதற்கப்புறம் வந்த படங்களில் எல்லாக் கதாநாயகிகளின் புடவையிலும் என் தையல் ஓடியது.

மறுநாளில் இருந்து படம் முழுசாக ஓடியது. பாலத்தில் சண்டை போடுவான், பத்துப் பேரும் தண்ணீரில் விழுவார்கள். பிறகு ஒரு ரீல் முழுக்க அவன் சுமையோடு நடந்து வீட்டுக்குப் போவான். கம்பு வளைந்து வளைந்து நிமிரும். பெண்டாட்டி அடுப்பைப் பற்ற வைப்பாள், அவன் கஞ்சி குடிப்பான், படம் முடியும். முதல் நாள் கல்லடி ஆட்டம் பார்த்தவர்களும் திரும்ப வந்து பார்த்து, ‘அட, பொழச்சுட்டானா’ என்று நிம்மதியாகப் போனார்கள். சித்தேரிக்காரர்கள் சந்தை நாளில் விறகைப் போட்டுவிட்டு நேராகக் கொட்டாய்க்கு வந்தார்கள். பத்தொன்பது நாள் ஓடிய படம் அது. எங்கள் கொட்டாயில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அப்படி ஓடியதில்லை.

அந்த மலைக்காரர்களில் ஒருவன் மாதேஸ். இருபது வயசு. சந்தைக்குப் போகும் வழியில் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. சந்தையைக் குத்தகை எடுத்திருந்தவனின் ஆட்கள் அங்கே நின்று, சுங்கம் வாங்கியது போதாதென்று, மலைக்காரர்களின் ஒவ்வொரு கட்டில் இருந்தும் நாலு நல்ல கட்டையை உருவிக்கொள்வார்கள். வெகுகாலமாக நடந்த வழக்கம், யாரும் கேட்டதில்லை. படம் போய் இரண்டு மாசம் கழித்து, தை மாசச் சந்தையன்று, மாதேஸ் பாலத்தில் சுமையை இறக்கினான். தலைத்துணியை உதறினான். மடித்தான். கட்டின்மேல் வைத்தான்.

ஐந்து பேர் அடித்தார்கள். இடது முட்டி நொறுங்கிவிட்டது. ஆனால் அவன் விழும்வரை அவன் பின்னால் பதினேழு பெண்கள் கட்டு குறையாமல் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். அதற்கடுத்த சந்தையில் இருந்து யாரும் விறகை உருவவில்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கரீம் பாயும் நானும் ரொட்டி வாங்கிக்கொண்டு போனோம். காலைத் தூக்கிக் கட்டியிருந்தது. மாதேஸ் கரீம் பாயைப் பார்த்துச் சிரித்தான்.

“பாலத்துல நின்னப்ப வெறகுக்காரன் ஞாபகந்தான் பாய் வந்துச்சு.”

கரீம் பாய் ரொட்டியைக் கட்டிலில் வைத்தார். வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார். நான் அதை அன்றைக்கு இரக்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை எல்லார் வாழ்க்கையையும் போலத்தான். டிவி வந்தது, கொட்டாயைப் பிரித்தார்கள். அவர் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ போய் டிவி, டிவி போய் மிக்சி, இப்போது மின்விசிறி. நானும் மகனோடு தருமபுரிக்கே வந்துவிட்டேன், அவர் கடைக்குப் பின்தெருவில். ஒன்று மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. மாதேஸ் மலையில் இருந்து ரிப்பேருக்கு எதைக் கொண்டுவந்தாலும் கரீம் பாய் காசு வாங்கமாட்டார். வருஷா வருஷம் பெருநாளைக்கு அவர் வீட்டுப் பிரியாணிப் பாத்திரம் ஒன்று சித்தேரி பஸ்ஸில் ஏறும். மாதேஸ் மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கு மலையில் மூன்று நாள் தங்கிப் பந்தலுக்கு லைட் போட்டார். ஆனால் யாராவது விறகுக்காரன் பேச்சை எடுத்தால் எழுந்துபோய்விடுவார்.

போன ஆவணியில் மாதேஸ் எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, வெறகுக்காரன் திரும்பி வர்றான்.”

“எந்த வெறகுக்காரன்டா?”

“நம்ம ஆளுதான். புதுசா எடுத்திருக்கறாங்களாம். போன்ல காட்டறான் பாருங்க, அதே பாலம். தமிழ்லயே பேசறான். தருமபுரில வெள்ளிக்கெழம போடறாங்க. நானு வர்றேன். பாயையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் போறோம்.”

நான் கடைக்குப் போய்ச் சொன்னேன். கரீம் பாய் மிக்சியில் இருந்து தலை தூக்கவில்லை.

“நானு வரலக்கா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

“ஏனுங்க?”

“கடையில வேல இருக்குது.”

“மூணு நாளா இதே மிக்சியத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டறீங்க. அதுக்கே அலுத்துப் போயிருக்கும்.”

“பழைய படத்தப் புதுசா எடுத்தா நல்லாவா இருக்கும்? வுடுங்கக்கா.”

“நல்லா இருக்காதுன்னு எனக்கும் தெரியும். நல்லா இல்லேன்னு சொல்றதுக்காவது போயிப் பாக்கணும்ல?”

நான் பிடித்தால் விடமாட்டேன். அது அவருக்குத் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்த வாடிக்கையாளர்களுக்கு நானே பதில் சொன்னேன். நடுப்பகல் வரைக்கும் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“அவன் சாவான்க்கா.”

“யாரு?”

“வெறகுக்காரன். படத்துல அவன் சாவான். பாலத்துலயே. நீங்க பாத்தது நானு மாத்தி ஓட்டுனது.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் சொன்னார். கல் விழுந்த மறுநாள் முதலாளி பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாராம். இவர்தான், ஒரு நாள் பொறுங்கள் என்றாராம். மூன்றாவது ரீலில் கதையே இல்லை. விறகுக்காரன் நடப்பான், வீட்டுக்குப் போவான், கஞ்சி குடிப்பான். அதை அதன் இடத்தில் ஓட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டார். கடைசி ரீலில் அவன் விழுவதற்கு முன்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அந்த மூன்றாவதை மாட்டினார். செத்தவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

“கல்லுக்குப் பயந்தா பாய்?”

“கல்லுக்குக் கொஞ்சம். தெனம் ரெண்டு ஆட்டம், ரெண்டு தடவ என் கையால அவனச் சாவடிக்கணுமேன்னு கொஞ்சம்.” மிக்சியை ஓரமாகத் தள்ளினார். “அத நம்பித்தானக்கா மாதேசு பாலத்துல நின்னான்? வெறகுக்காரன் பொழச்சு வூட்டுக்குப் போனான், நாமளும் போயிரலாம்னுதான நின்னான்? நெசத்தக் காட்டியிருந்தா நின்னிருக்க மாட்டான். கால் இருந்திருக்கும். இப்பப் புதுப் படத்துல அவன் சாவான். மாதேசு என்னத் திரும்பிப் பாப்பான். நானு என்ன சொல்றது?”

இத்தனை வருஷமாக மாதேஸின் ரேடியோவும் டார்ச்சும் ஏன் காசில்லாமல் ரிப்பேர் ஆயின என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சமரீன் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியும். எழுது என்கிறேன்.

நான் அவருக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. “அவன் தனியாப் பாத்துத் தெரிஞ்சுக்கறதவிட நீங்க பக்கத்துல இருக்கறப்பத் தெரியட்டும்” என்றேன். சமரீனிடம் சொல்லி மூன்று டிக்கெட் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக வேண்டும் என்று அதையும் ஒரு சாக்காகச் சொன்னார். சனிக்கிழமைக்கு மாற்றினேன். காலை பதினொரு மணி ஆட்டம். மாதேஸ் முதல் பஸ்ஸிலேயே அரூர் வந்து, அங்கிருந்து மாறி, சலவைச் சட்டையோடு இறங்கினான். ஐம்பத்தெட்டு வயசு, ஆனால் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். மடங்காத காலை நீட்ட வேண்டும் என்று ஓரத்து நாற்காலி அவனுக்கு. நடுவில் கரீம் பாய். இந்தப் பக்கம் நான், குளிருக்குச் சேலையைப் போர்த்திக்கொண்டு.

படத்தைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். மழை நன்றாக இருந்தது. நனைந்துவிடுவோமோ என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பழைய படத்தில் பெண்டாட்டிக்கு அடுப்புப் பற்ற வைப்பதைத் தவிர வேலை இல்லை. இதில் அவள் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேரைச் சாய்த்தாள். அது எனக்குப் பிடித்தது. அதை இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும். ஆனால் சண்டையில் யார் கை, யார் கால் என்று தெரியவில்லை. கண் ஒரு இடத்தில் நிற்பதற்குள் வேறு இடத்தைக் காட்டினார்கள். பழைய படத்தில் காமிரா எட்டத்தில் சும்மா நிற்கும். அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் தலையில் இருந்து பாதம்வரை தெரிவார்கள். அடித்த பிறகு அவனுக்கு மூச்சு வாங்குவது தெரியும். இவனுக்கு மூச்சே வாங்கவில்லை. சீனாக்காரன் மெட்ராஸ் பேச்சுப் பேசியது வேறு. ஒரு தடவை ‘இன்னா நைனா’ என்றான். மாதேஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பாலம் வந்தது. புது விறகுக்காரன் சுமையைத் தூக்கி எதிரிகள்மேல் எறிந்தான். துணியை மடிக்கவே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கரீம் பாய் திரையைப் பார்க்கவில்லை, மாதேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் நரம்பு புடைத்திருந்தது.

விறகுக்காரன் விழுந்தான். பெண்டாட்டி ஓடிவந்து அவன் முகத்தில் துணியைப் போட்டாள். பாட்டு நின்றது. கரீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

துணிக்கு அடியில் ஒரு விரல் அசைந்தது. பிறகு மேளம். எழுந்தான், பறந்தான், பாக்கி இருந்தவர்களை எல்லாம் அடித்தான். பண்ணையார் தண்ணீரில் விழுந்தார். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் மலை உச்சியில் நின்று தூரத்தில் ஒரு பெரிய ஊரைப் பார்த்தார்கள். அடுத்த பாகம் வரும் என்று ஏதோ எழுத்து வந்ததாம்.

விளக்கு எரிந்தபோது கரீம் பாய் பத்து வயசு குறைந்தவர் மாதிரி எழுந்தார். மாதேஸ் எழவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போலாங்க” என்றான்.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். கரீம் பாய்க்கு வாய் நிற்கவில்லை.

“என்ன இருந்தாலும் நல்லாத்தான் எடுத்திருக்கறான். என்ன சவுண்டு, என்ன லைட்டு. நம்ம கொட்டாயில இந்த மாதிரி ஓட்ட முடியுமா?”

“நேத்து வரைக்கும் நல்லா இருக்காதுன்னீங்களே?” என்றேன்.

“பாக்காமச் சொன்னது. பழசுதான் ஒசத்தின்னு சும்மா சொல்லிக்கிட்டே இருக்கக் கூடாதுக்கா.”

“பழசுதான் ஒசத்தி. துணிய மடிச்சானா?”

“துணிய மடிக்காட்டி என்னக்கா?”

“அப்ப அவன் வெறகுக்காரன் இல்ல. அவ்ளோதான்.”

மாதேஸ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“கம்பு வளையல பாய்.”

“என்னது?”

“ரெண்டு பக்கமும் வெறகு தொங்குது, கம்பு ஈர்க்குச்சி மாதிரி நேரா நிக்குது. அவ்ளோ சொம தூக்கறவன் கழுத்து இப்பிடியா இருக்கும்? அட்டையில பண்ணித் தொங்க வுட்டுருக்கறான். பழைய ஆளு நெசமாத் தூக்குனான். நடக்கறப்ப கம்பு மேலயும் கீழயும் ஆடும், அவன் காலு அதுக்குத் தக்கன போவும். சொம தூக்குனவனுக்குத்தான் அது தெரியும்.” டீயை ஒரு மடக்குக் குடித்தான். “அதக்கூட வுட்டுரலாம். கடைசியில கெடுத்துட்டாங்க.”

“கடைசியில என்ன? பொழச்சுட்டான்ல? நல்லதுதான?”

“அவன் செத்தாத்தான் பாய் படம்.”

கரீம் பாயின் கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் நின்றது.

“எந்தப் படத்தச் சொல்ற?”

“நம்ம படந்தான். பாலத்துல வுழுவான். அந்தம்மா மொகத்துல துணியப் போட்டு மூடும். அப்பத்தான் நானு கல்ல எடுத்தேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. கரீம் பாய்க்கு விளங்கிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

“நீயாடா?” என்றேன். “ரெண்டு முழம்டா. ஒரு பகல் பூரா வெயில்ல குந்தித் தெச்சேன்.”

“மன்னிச்சுக்கங்கக்கா. மொதலாளி தோல உரிக்கறேன்னாரு. அப்பறம் சொல்றதுக்கே வெக்கமாப் போச்சு. அன்னிக்கு மழையில மலைக்குப் போவ முடியாம ஒதுங்குனேன். வேற மலைக்காரன் யாரும் வரல.”

“அப்ப மறுபடி வந்து பாத்தியே, சந்தையன்னிக்கு,” என்றார் கரீம் பாய்.

“பாத்தேன். அதுல வூட்டுக்குப் போறான், மொத நாளு நடுவுல போன மாதிரியே. எல்லாரும் கை தட்டறாங்க. நானும் பாக்கறேன், சண்டையில அவன் சட்டையோட வலது கை கிழிஞ்சு போயிருச்சு. வூட்டுக்குப் போறப்ப முழுக் கைச் சட்ட. வழியில எந்தத் தையக்காரன் இருக்கறான்? நீங்கதான் என்னமோ பண்ணியிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. சனங்க அழுவக் கூடாதுன்னு பண்ணியிருப்பீங்க, நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பத்தொன்பது நாள், தினம் இரண்டு ஆட்டம். எத்தனை பேர் பார்த்திருப்போம். அந்தச் சட்டைக் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை, இந்தக் கல்லெறிந்தவனைத் தவிர.

கரீம் பாய் கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப பாலத்துல நின்னது...”

“தெரிஞ்சுதான் நின்னேன்.”

“சாவான்னு தெரிஞ்சா?”

“பொழச்சு வருவோம்னு தெரிஞ்சா எவன் வேணா நிப்பானே பாய். அதுல என்ன இருக்குது?” முட்டியைத் தடவினான். “சாவறதுக்கு ரெடியாத்தான் இருந்தேன். இப்பிடி மடக்க முடியாமக் கெடக்கும்னுதான் நெனைக்கல. பஸ்ஸுல கண்டக்டருகிட்ட தெனம் ஏச்சு.”

கரீம் பாய் வெகு நேரம் ரோட்டைப் பார்த்தார். சேலம் பஸ் ஒன்று போனது, பெங்களூர் பஸ் ஒன்று போனது. பிறகு அவர் கேட்டது, நான் நினைத்தே பார்க்காத கேள்வி.

“உனக்கு நானு எத்தன ரேடியோ சரி பண்ணியிருப்பேன்?”

“அது கெடக்குது, நெறய.”

“டார்ச்சு? மிக்சி? ஒரு பைசா வாங்குனனா?”

“அதான் பாய் எனக்கும் புரியல. எங்க வூட்ல கேப்பாங்க, ஏன் அந்த பாய் காசே வாங்க மாட்டேங்கறாருன்னு.”

“உன் காலு என்னாலதான் போச்சுன்னு இத்தன வருசமா...” மாதேஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“உங்களாலயா?” என்றான். “என் காலு பாய் அது. நானு குடுத்தது. அத எதுக்கு நீங்க எடுத்துக்கறீங்க?”

அதைக் கோபமாகத்தான் சொன்னான். தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரு பெரிய காரியத்தை, வேறொருத்தர் தன்னுடைய தப்பென்று இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கரீம் பாய்க்கும் அது உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். டீக்கு நான்தான் கொடுத்தேன்.

நான் அப்புறம் இதை யோசித்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் விறகுக்காரன் படத்தை முதலில் திருப்பி எடுத்தவர் கரீம் பாய்தான், காமிரா இல்லாமல், ஒரே ஒரு ரீலை இடம் மாற்றி மாட்டி. அவரும் அவனைப் பிழைக்க வைத்தார், புதுப் படக்காரர்களும் பிழைக்க வைத்தார்கள். இரண்டும் பொய். ஆனால் இவர்கள் பிழைக்க வைத்தது அடுத்த பாகத்தில் அவனை மறுபடி சண்டைக்கு விட. கரீம் பாய் அவனை வீட்டுக்கு அனுப்பினார், கஞ்சி குடிக்க. அதற்காக மாதேஸ் சொன்னதை நான் தள்ளவில்லை. சாவுக்குத் துணிந்து நின்றவனுக்குச் செத்த விறகுக்காரன்தான் வேண்டும். எனக்கு வீட்டுக்குப் போனவன்தான் வேண்டும். அசல் எது என்று கேட்டால் என் கொட்டாயில் நான் பார்த்ததுதான் அசல். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வரமாட்டேன்.

கடைக்குத் திரும்பினோம். கரீம் பாய் அலமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். துருப்பிடித்து மூடி இறுகியிருந்தது. மாதேஸ் வாங்கித் திறந்து கொடுத்தான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டு. கல் விழுந்த அன்றைக்கு மிஷினில் கருகியதை வெட்டியபோது, பக்கத்தில் இருந்த நாலு கட்டத்தை மட்டும் எடுத்து வைத்தாராம். விறகுக்காரன் பாலத்தில் கிடக்கும் இடம்.

“இத உன்கிட்டதான் குடுக்கணும்,” என்றார். “உன் கல்லால வந்தது.”

மாதேஸ் வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கரீம் பாய் அவன் தோளை ஒட்டி நின்று பார்த்தார். மாதேஸ் சாய்ந்து நிற்க வாகாகக் கரீம் பாய் தன் தோளைக் கொடுத்திருந்தார். அது அவர்கள் இருவருக்குமே தெரிந்த மாதிரி இல்லை.

“நீங்க பாக்கலியாக்கா?”

எனக்குப் பார்க்க இஷ்டமில்லை. ஆனாலும் கையில் வாங்கினேன். நிறமெல்லாம் போய் ஒரே சிவப்பாக இருந்தது, சாயங்கால வெளிச்சம் மாதிரி. பாலம் தெரிந்தது. ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். முகத்தில் துணி இன்னும் விழவில்லை. பக்கத்தில் அவன் விறகுக்கட்டு, கட்டின்மேல் மடித்த துணி, மடித்தது மடித்தபடி.

“தூங்கறான்,” என்றேன்.

“அக்கா...” என்றார் கரீம் பாய்.

“சொம தூக்கிக்கிட்டு வந்தவன் அலுப்புல படுத்திருக்கறான். எனக்குத் தெரியாதா?”

மாதேஸ் சிரித்தான். துண்டை வாங்கி டப்பாவில் போட்டு மூடினான், சட்டைப் பையில் வைத்தான். பிறகு கொண்டுவந்திருந்த பையில் இருந்து ஒரு டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தான். சுவிட்ச் வேலை செய்யவில்லையாம்.

கரீம் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாப்பது ரூவா ஆவும்,” என்றார்.

“அவ்ளோவா?” என்றான் மாதேஸ். பாக்கெட்டில் கை விட்டபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.